உறவில் பிறந்த சொல்

ஒரு மொழியின் பெரிய சொற்களைக் கற்றுக்கொள்வது எளிது. அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடும். ஒரு முறை மனத்தில் பதிந்தால் பின்பு மாறுவதில்லை. கடினமானவை சிறிய சொற்களே. பள்ளியில் காலடி வைத்த முதல் ஆண்டிலேயே நம் பிள்ளைகள் ஓதத் தொடங்கும் சில சொற்கள், அவர்கள் பாட்டன் பாட்டியான பின்பும் முழுமையாகப் பிடிபடுவதில்லை. ஆங்கிலத்தில் அத்தகைய சொற்களுள் ஒன்று 'கைண்ட்' என்பது. விலங்குகளிடம் 'கைண்ட்' ஆக இருக்கவேண்டும், முதியோரிடம் 'கைண்ட்' ஆக இருக்கவேண்டும் என்று குழந்தைகள் மனப்பாடம் செய்கின்றனர். 'அன்புள்ள' என்று ஓர் ஆசிரியை பொருள் சொல்லுவார். 'இரக்கமுள்ள' என்று இன்னொருவர் சொல்லுவார். 'தயவான' என்பார் மூன்றாமவர். மூன்றும் சரியே, ஆனால் மூன்றும் போதவில்லை.

ஒரே பொருளைத் தரும் பல சொற்களை ஒருங்கே திரட்டி வைக்கும் பணி தமிழுக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் அதனையே செய்தன. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று இப்பணிக்கென்றே அமைந்தது. ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்' இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. ஆயினும் இத்தகைய நூல்கள் சொற்களை அருகருகே உட்கார வைக்கின்றனவே தவிர, ஒன்றின் இருக்கையில் மற்றொன்று அமரலாமா என்பதைச் சொல்லுவதில்லை. அதனைச் சொல்லித் தருவது வாழ்க்கை. எமக்கு அதனைச் சொல்லித் தந்தது, ஒரு நற்சான்றுக் கடிதம்.

கடிதம் கேட்டவர்

எம் அன்னையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து, பதினான்கு மாதங்கள் கழித்து இறைவனடி சேர்ந்தார். அப்பதினான்கு மாதங்களும் அவரைப் பேணிய பெண்மணி எமக்கு உறவினர் அல்லர். எம் ஊரினரும் அல்லர். ஐம்பது வயதை எட்டியவர், கணவரை இழந்தவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம் மகளைச் செவிலியர் பயிற்சியில் சேர்த்துவிட்டு, அதற்கான கட்டணத்தைத் தம் உழைப்பால் கட்டிவந்தவர்.

அவர் வேலை செய்யும் முறையைக் கண்டு நாம் பன்முறை வியந்ததுண்டு. அன்னையைத் தொடுமுன் தம் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வார். "அம்மா, இப்போது திருப்பிப் படுக்க வைக்கப் போகிறேன்" என்று அறிவித்த பின்னரே கையை வைப்பார். கடைசி மாதங்களில் அன்னைக்கு நினைவு தப்பிவிட்டது. யார் பேசினாலும் விளங்குவதில்லை. அப்போதும் அவர் அறிவிப்பதை நிறுத்தவில்லை. "அம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லையே, எதற்காகச் சொல்லுகிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டோம். "காதுக்குக் கேட்காவிட்டாலும் உடம்புக்குத் தெரியும், ஐயா" என்றார்.

நினைவு தடுமாறிய அன்னை, இளமையிலேயே இறந்துபோன தம் தங்கை என்று அவரை எண்ணிக்கொண்டு, "தங்கச்சி, தங்கச்சி" என்று அழைக்கத் தொடங்கினார். நான் உன் தங்கை அல்லேன் என்று அப்பெண்மணி ஒரு நாளும் திருத்தவில்லை. "என்ன அக்கா?" என்று அருகில் வந்து நிற்பார். அவ்வளவில் அன்னையின் முகம் அமைதி பெறும்.

அன்னையின் அடக்கம் முடிந்து சில நாட்களில் அவர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பெங்களூரில் ஒரு குடும்பத்தில் இடம் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு நற்சான்று வேண்டும் என்றார்கள். "நான்கைந்து வரிகள் போதும், அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள்" என்றார் இடையில் நின்று பேசியவர். மகளின் படிப்பு அந்த நான்கைந்து வரிகளைப் பொறுத்திருந்தது. தம்மைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்பெண்மணியால் படித்துப் பார்க்கவும் இயலாது. ஆகவே, சொற்களை எண்ணிப் பார்த்து எழுதவேண்டிய கடமை எம்மேல் விழுந்தது.

இருக்கைக்கு வந்த சொற்கள்

முதலில் வந்து நின்றது 'நைஸ்'. யாரைப் பாராட்டினாலும் ஆங்கிலத்தில் கைக்கு எட்டும் சொல் அதுதான். அதன் வரலாறு வேடிக்கையானது. இலத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். பிரெஞ்சு வழியாக அச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, 1300-ஆம் ஆண்டை ஒட்டி, மடமை உள்ளவன் என்றே பொருள்பட்டது. பின்னர், எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பவன் என்றும், மென்மையானது என்றும், நுட்பமானது என்றும், துல்லியமானது என்றும் நிறம் மாறி மாறி, 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையானது' என்னும் இடத்தை வந்தடைந்தது. 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' என்னும் புதினத்தில், நாயகி ஒரு நூலை இச்சொல்லால் பாராட்ட, நாயகன் அவளைக் கேலி செய்யும் இடம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதைப்பற்றியும் ஒன்றும் சொல்லுவதில்லை என்பதே அக்கேலியின் உட்கிடை.

நம் பேச்சுத் தமிழிலும் 'நைஸ்' குடியேறிவிட்டதன்றோ? மாவை நைஸாக அரைக்கிறோம்; அங்கே நுண்மை என்னும் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடன் வாங்கியவர் நைஸாக நழுவிவிடுகிறார். அங்கே வேறொரு பொருள்! விருந்தினர் எதிரே முகமலர்ச்சியோடு இருப்பது 'நைஸ்'. அதற்குச் செலவு இல்லை; பார்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும். எம் அன்னையின் அறையில், நள்ளிரவில், பார்ப்பவர் எவரும் இல்லை. ஆகவே அச்சொல்லை ஒதுக்கினோம்.

அடுத்து 'குட்'. நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கில் ஒரு காசு பிசகாமல், நேரந்தவறாமல் வந்து, கடமையைச் செய்துவிட்டுப் போகிறவரும் நல்லவரே. நல்லவராக இருந்துகொண்டே நெஞ்சில் ஈரம் இன்றி வாழ்கிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

'மெர்சிஃபுல்' என்று எழுதலாமா? அதற்கு வேராகிய இலத்தீன் சொல்லுக்குக் கூலி, வெகுமதி என்று பொருள். திருச்சபையின் இலத்தீனில் அது, கைம்மாறு செய்ய இயலாதவர்க்குக் காட்டும் தயவையும் அதற்கு விண்ணகம் தரும் வெகுமதியையும் குறித்துப் பின் இரக்கம் என்றாயிற்று. பிரெஞ்சுக்காரர் நன்றி கூறும் 'மெர்சி'யும் அதுவே. உயர்ந்த சொல்தான், ஆனால் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவன் தண்டியாமல் விடுவதையே அது பெரிதும் சுட்டுகிறது. இரங்குபவர் மேலேயும் இரக்கம் பெறுபவர் கீழேயும் நிற்கின்றனர்.

'கம்பாஷனேட்' என்பது கூடத் துன்புறுதல் என்னும் பொருளில் பிறந்தது. அது உள்ளத்தின் உணர்வைச் சொல்லுகிறது, கையின் செயலைச் சொல்லுவதில்லை. கண்ணீர் வடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களும் அன்னையைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் உணர்வு பொய் என்று சொல்லமாட்டோம். 'கன்சிடரேட்' என்பது பிறர் நிலையை முன்கூட்டி எண்ணிப் பார்ப்பது. உள்ளங்கையைச் சூடேற்றிக்கொண்டதற்கு அது பொருந்தும். 'என்ன அக்கா' என்று வந்து நின்றதற்கு அது போதாது. 'ஜென்டில்' என்பது தொடும் முறையின் மென்மை. அறுவை மருத்துவரின் கத்தி மென்மையானதன்று. ஆயினும் அவர் செய்வது உதவி. மென்மையாகப் பேசிக்கொண்டே ஒன்றும் செய்யாதவரும் உண்டு.

கடைசியில் எஞ்சி நின்றது, முதல் வகுப்புக் குழந்தையும் அறிந்த 'கைண்ட்'.

குலமும் குணமும்

இச்சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 'கின்' என்றால் சுற்றத்தார், இரத்த உறவினர். 'கைண்ட்' அதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பிறப்பு, இனம், இயல்பு என்பனவே பொருள்கள். உரிச்சொல்லாக வந்தபோது, இயற்கையானது, பிறவியிலேயே அமைந்தது என்று பொருள்பட்டது. ஜெர்மானிய மொழியில் 'கிண்ட்' என்றால் குழந்தை, அதுவும் இக்குடும்பத்ததே. 1840-இல் ஃபுரோபெல் என்னும் கல்வியாளர் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் எல்.கே.ஜி. வகுப்பின் நடுவெழுத்து அந்தத் தோட்டத்திலிருந்து வந்ததுதான். ஆங்கிலிக்கன் சபையின் பழைய செபநூலில் நிலத்தின் விளைச்சலுக்குக் 'கைண்ட்லி' என்னும் அடைமொழி வருகிறது. கனிகள் அன்பாக இருந்தன என்பது அங்கே பொருளன்று. நிலத்தின் இயல்புக்கேற்ற விளைச்சல் என்பதே பொருள்.

13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இச்சொல் மெல்லக் கனிந்தது. உறவினரிடத்து இயல்பாகச் சுரக்கும் பாசம் உடையவன் எவனோ அவன் 'கைண்ட்' என்றாயிற்று. அதன் எதிர்ச்சொல்லாகிய 'அன்கைண்ட்' இன்று கடுமையான சொல்லன்று. அன்றோ அது மிகக் கொடிய சொல்லாய் இருந்தது. பெற்ற தந்தையைப் புறக்கணிப்பது, உடன்பிறந்தானை வஞ்சிப்பது போன்ற இயற்கைக்கே மாறான செயல்களை அது குறித்தது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையில் மகள்மார் 'அன்கைண்ட்' எனப்படும்போது அப்பொருளின் கனத்தை உணரலாம். 1600-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், இளவரசன் வாய்திறந்து பேசும் முதற்பேச்சே 'கின்', 'கைண்ட்' என்னும் இரு சொற்களையும் வைத்துச் செய்த சிலேடை. உறவு இருக்கிறது, உறவுக்குரிய ஈரம் இல்லை என்பது அவன் மனக்குறை.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இச்சொல் வீட்டின் வாயிற்படியைத் தாண்டி வெளியே நடந்தது. உறவினரிடம் மட்டும் காட்டும் பாசம் என்பது போய், உறவினர் அல்லாதாரையும் உறவினர்போல் நடத்துதல் என்றாயிற்று. இன்று நாம் அறியும் 'கைண்ட்' இதுவே. நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கொருமுறை வரும் 'கைண்ட்லி' என்பதும், என்னை உம்மைச் சேர்ந்தவன்போல் எண்ணி இதனைச் செய்யும் என்று கேட்பதேயாகும். எழுதுகிறவரும் படிக்கிறவரும் அதனை மறந்து நெடுநாளாயிற்று என்பது வேறு செய்தி.

வியப்புக்குரியது இன்னொன்று உண்டு. 'ஜென்டில்' என்னும் சொல்லும் பிறப்பைக் குறித்த சொல்லே. ஒரே குலத்தைச் சேர்ந்தவன் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, உயர்குடிப் பிறந்தான் என்று பொருள்பட்டு, 16-ஆம் நூற்றாண்டிலேதான் மென்மையானவன் என்றாயிற்று. வள்ளன்மையைக் குறிக்கும் 'ஜெனரஸ்' என்பதற்கும் முதலில் நற்குடிப் பிறந்தான் என்பதே பொருள். அள்ளிக் கொடுப்பவன் என்பது பின்னர் வந்தது. கனிவானவன் என்னும் பொருளுடைய 'பினைன்' என்னும் சொல்லும் நன்றாய்ப் பிறந்தவன் என்றே கருக்கொண்டது. இவையனைத்தும் 'பிறத்தல்' என்னும் ஒரே தொன்மையான வேரின் கிளைகள் என்பது மொழியறிஞர் முடிபு.

அவ்வேரின் ஒரு கிளை வடமொழியிலும் ஓடுகிறது. ஜனனம், ஜன்மம், ஜனங்கள் என்று நம் வழக்கில் வந்து கலந்த சொற்கள் அதிலிருந்து பிறந்தவை. அதே கிளையில் காய்த்த இன்னொரு சொல்லும் உண்டு: ஜாதி. அதற்கும் பிறப்பு என்பதே முதற்பொருள். ஆக, 'கைண்ட்' என்னும் சொல்லும் ஜாதி என்னும் சொல்லும் தூரத்து உறவினர். ஒன்று பிறப்பில் தொடங்கி, பிறப்பைப் பாராத பெருந்தன்மையில் சென்று முடிந்தது. மற்றொன்று பிறப்பில் தொடங்கி, பிறப்பைத் தவிர வேறொன்றையும் பாராத சிறுமையில் போய் நின்றது. ஆங்கிலேயரைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. உயர்குடிப் பெருமை அவர்களிடமும் குறைவாக இருந்ததில்லை. தம் சொல் எட்டிய தொலைவை அவர்கள் கால்கள் எட்டவில்லை என்பதற்கு நம் நாட்டின் வரலாறே சான்று. நாம் சொல்ல வந்தது சொல்லின் நடையைப்பற்றி மட்டுமே.

இச்சொல்லே பெயர்ச்சொல்லாக வரும்போது வகை, இனம் என்று பொருள்படும். 'எந்த வகையைச் சேர்ந்தவர்?' என்று பிரித்துக் கேட்பதும் இச்சொல்தான். 'அன்பானவர்' என்று சேர்த்துக்கொள்வதும் இச்சொல்தான். எம் இல்லத்தில் ஒரே நாளில் இவ்விரண்டும் எதிரெதிரே நின்றன. அன்னையைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், அப்பெண்மணி 'அக்கா' என்று அழைப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார். எம்மைத் திண்ணைப் பக்கம் அழைத்துப் போய், "அவள் எந்த ஊர்? என்ன ஆட்கள்? வாய் நிறைய அக்கா என்கிறாளே!" என்றார். 'என்ன ஆட்கள்' என்பதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "அம்மாவுக்கு இப்போது அவள்தான் தங்கை" என்று மட்டும் சொன்னோம். சன்னலுக்கு அப்பால் அப்பெண்மணி அன்னையின் தலையை வாரிக்கொண்டிருந்தார். கேள்வி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு முன்போலவே மெல்ல நகர்ந்தது.

அன்பும் அருளும்

தமிழில் இச்சொல்லுக்கு நேரான ஒரு சொல் கிடைக்காததன் காரணம் நம் மொழியின் வறுமையன்று, செழுமையே. திருவள்ளுவர் அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பகுத்துரைப்பார். இவையன்றிப் பழகியவர் முகத்தைக் கண்டால் மறுக்கமாட்டாத தன்மையைக் கண்ணோட்டம் என்று பெயரிட்டு, ஐம்பத்தெட்டாம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். மூன்று சொற்கள், மூன்று இடங்கள்! வீட்டில் இருப்பவனுக்கு ஒன்று, துறவிக்கு ஒன்று, ஆள்பவனுக்கு ஒன்று.

ஆங்கிலச் சொல்லோ அன்பு என்னும் ஊரில் புறப்பட்டு அருள் என்னும் ஊரை வந்தடைந்தது. புறப்பட்ட ஊரை அது மறக்கவும் இல்லை. இதுவே அதன் தனிச்சுவை. உறவின் பாசத்தை உறவல்லாதவர்க்குக் கொடு என்று அது சொல்லுகிறது. துறவி ஆனபின் அருளாளன் ஆகலாம் என்று காத்திருக்க நம்மால் ஆகுமா? நாம் வீட்டில் இருப்பவர்கள். அடுப்பும் தொட்டிலும் நோயாளியின் கட்டிலும் உள்ள இடத்தில் இருப்பவர்கள். இங்கிருந்தபடியே அருள் செய்யும் வழி ஒன்றுதான்: அயலாரை அக்கா என்பது.

இங்கிலாந்தில் நார்விச் நகரில் கோயிலை ஒட்டிய சிற்றறையில் தனித்து வாழ்ந்த ஜூலியன் என்னும் தவப்பெண்மணியை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். 1373 மே மாதத்தில், முப்பது வயதில், சாவின் விளிம்பில் கிடந்தபோது தாம் கண்ட காட்சிகளை அவர் எழுதிவைத்தார். பெண் ஒருவர் எழுதியது என்று அறியப்படும் ஆங்கில நூல்களுள் அதுவே முதலாவது. கொள்ளைநோய் நாட்டை வாரிக்கொண்டு போன காலம் அது. இறைவனைப்பற்றிப் பேசும்போது அவர் 'கைண்ட்' என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் கையாளுகிறார். அவர் காலத்தில் இயல்பு, இனம், கனிவு என்னும் மூன்று பொருளும் அச்சொல்லுக்குள் ஒன்றாய்க் குடியிருந்தன. எனவே இறைவன் 'கைண்ட்' என்றால், அவர் கனிவுள்ளவர் என்பது மட்டுமன்று. நம் மனித இனத்தில் பிறந்து நமக்கு இரத்த உறவானவர் என்பதும் அதனுள் அடங்கும். கிறிஸ்து பிறப்பின் மறைபொருள் முழுவதும் ஒரு சிறிய சொல்லுக்குள் அடங்கிவிட்டது!

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அன்பின் இலக்கணத்தைச் சொல்லுமிடத்தில், 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'கைண்ட்' என்னும் சொல்லையே ஆளுகிறது; இலத்தீனில் அங்கே வருவது 'பெனிஞ்ஞா'. கிரேக்க மூலத்திலோ 'கிரேஸ்தோஸ்' என்னும் உரிச்சொல்லிலிருந்து பிறந்த வினை நிற்கிறது. பயனுள்ளது, இதமானது, கனிவானது என்று அதற்குப் பொருள். தம் நுகம் எத்தகையது என்று நம் ஆண்டவர் கூறும்போதும் மத்தேயு அந்த உரிச்சொல்லையே எழுதுகிறார். நுகம் கழுத்தை அறுக்காமல் பொருந்தி அமைவதற்கும், மனிதர் மனிதரிடம் இதமாக நடப்பதற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். அது 'கிறிஸ்தோஸ்' என்னும் திருப்பெயரோடு ஒலியில் நெருங்கியிருந்ததால், அந்நாளைய புறச்சமயத்தார் பலர் நம் முன்னோரைக் 'கிரெஸ்தியானி' என்று பிழையாக உச்சரித்தனர். தெர்த்துல்லியன் 197-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் இதனைக் குறிப்பிட்டு, நீங்கள் பிழையாகச் சொன்னாலும் அது இனிமையையும் கனிவையும் குறிக்கும் சொல்லன்றோ என்னும் கருத்துப்பட மறுமொழி தருகிறார். நம் பெயரைத் தவறாகச் சொல்லுகிறவர்கள் வாயில் அப்படி ஒரு சொல் வருமானால், அதைவிட நற்சான்று வேறு வேண்டுமோ?

எழுதிய வரிகள்

கடிதத்தில் 'கைண்ட்' என்றே எழுதினோம். ஆயினும் அச்சொல்லைத் தனியே விடவில்லை. பெங்களூரில் அதனைப் படிப்பவர் 'நைஸ்' என்பதன் இடத்தில் அதனை வைத்துப் படித்துவிட்டால் எழுதியது வீண்தானே? ஆகையால் இரண்டு செய்திகளைச் சேர்த்தோம்: தொடுமுன் கைகளைச் சூடேற்றிக்கொள்வார், நோயாளிக்கு விளங்காவிட்டாலும் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்வார். மொத்தம் ஐந்து வரிகள். எழுதியதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினோம். "இதையெல்லாமா எழுதுவார்கள், ஐயா? இது எல்லாரும் செய்வதுதானே!" என்றார். எல்லாரும் செய்வதில்லை என்பதை அவர் அறியாமலா இருந்திருப்பார்? அறிந்தும், தாம் செய்வதைப் பெரிதாக எண்ணாமல் இருந்தார். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'இயல்பானது' என்று பொருள் இருந்ததை அப்போது நினைத்துக்கொண்டோம்.

வேலை கிடைத்தது. சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அந்த வீட்டுப் பாட்டிக்குக் கன்னடம் மட்டுமே தெரியுமாம். இவருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்றோம். "அவர்கள் மொழியில் அக்காவுக்கும் அக்கா என்றுதான் பெயராம், ஐயா" என்று சிரித்தார்.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளை பாடநூலை எடுத்துவந்து இச்சொல்லுக்குப் பொருள் கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? அன்புள்ள, இரக்கமுள்ள, தயவான என்று சொல்லிக்கொடுங்கள். தேர்வுக்கு அது போதும். அதன்பின் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுங்கள்: உறவினரல்லாதவரை உறவினராக எண்ணி நடப்பது என்று. ஆனால் பிள்ளைகள் நாம் சொல்லும் பொருளைக் காட்டிலும் நாம் நடக்கும் பொருளையே குறித்துக்கொள்வார்கள். நம் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவருக்கு எந்தக் குவளையில் தேநீர் தருகிறோம், கூலி வாங்க வந்தவரை எவ்வளவு நேரம் வாயிலில் நிற்க வைக்கிறோம், திருமணப் பேச்சு எழுந்தால் முதற்கேள்வியாக எதைக் கேட்கிறோம் என்பவற்றையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய அகராதி அங்கேதான் எழுதப்படுகிறது.

ஒரு சொல், தான் பிறந்த குலத்தைக் கடந்து வெளியே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அத்தனை காலம் நமக்கு இல்லை. புதியவர் ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, 'என்ன ஆட்கள்?' என்னும் கேள்வி நாவின் நுனிவரை வரலாம். நம் முன்னோர் பழக்கிவிட்ட கேள்வி அது. அதனை விழுங்கிவிட்டு, உறவினர் வந்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வியையே அவரிடமும் கேட்போமாக: "வாருங்கள், சாப்பிட்டீர்களா?"